குட்டி இன்ஜின் கேட்ட தனிக் கேன்

சின்ன மோட்டார் படகு ஒன்று, தன் பெரிய இன்ஜின் நின்றுபோனால் கைகொடுக்க இன்னொரு இன்ஜினைத் தேடியது. துருப்பிடித்த குட்டி இன்ஜின் ஒன்று வந்து நின்றது. இந்த வேலையும் இல்லையென்றால் அதற்குப் பழைய இரும்புக் கடைதான்.

"என் டேங்க்லயே நீயும் குடிச்சுக்க. அடங்கி இருந்தாப் போதும்" என்றது பெரிய இன்ஜின்.

தலையாட்டிவிடலாம் என்றுதான் குட்டிக்கு இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து சொன்னது: "எனக்குத் தனிக் கேன் வேணும், அண்ணே. ஒரே டேங்க்ல குடிச்சா, உங்களுக்கு விக்கும்போது எனக்கும் விக்கும்."

"துருப்பிடிச்ச மூஞ்சிக்கு என் எச்சில் ஆகாதாம்!" என்று பெரியது சிரித்தது.

படகு சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா நின்னுபோய், பாறையில மோதினா உடையிறது நான்தான். கேனோட ஏறு" என்றது.

மழைக்காலத்தில் பெரிய இன்ஜினின் எண்ணெய் டேங்குக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. நடுக்கடலில் பெரியது இருமி ஓய்ந்தது. அலைகள் படகைப் பாறைப் பக்கம் தள்ளின. குட்டி ஒரே இழுப்பில் உறுமி எழுந்து, பாறைக்கு முதுகைக் காட்டி, அலையைக் கிழித்துக்கொண்டு கரைக்குப் பாய்ந்தது. பெரியது, தண்ணீரைத் தள்ளும் தன் விசிறியை வானத்துக்குத் தூக்கியபடி தொங்கிக்கொண்டு வந்தது.

துறையில் எல்லாப் படகுகளும் திரும்பிப் பார்த்தன.

"தம்பி, சீக்கிரம் போடா, மானம் போகுது" என்று பெரியது முனகியது.

குட்டி வேகத்தைக் குறைத்தது. "இருங்கண்ணே, எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."