கல்லுக்குள் சிலந்தி

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓலைப்பெட்டிக்குள் கை விட்டதும் சுருக்கென்றது. மஞ்சளாய், காலெல்லாம் மயிரோடு ஒரு பூச்சி ஓடி மறைந்தது. விரலில் ரத்தம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமனார், எனக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“விஷக்கடி. இறங்குற வரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்கப்படாது.”

மகன் பசியில் வீரிட்டான். ஆட்டுப்பாலைத் துப்பினான். எனக்கு மார் கட்டி வலித்தது. மாமாவை எதிர்த்து நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்?

முன்னறையில் குடியிருந்த கைலாசம் வாத்தியார் எட்டிப் பார்த்தார். காலேஜ் லீவில் குற்றாலத்து மலையில் பூச்சி பிடிக்க வந்தவர்.

அடையாளம் கேட்டுவிட்டு, “அது ஒட்டகச் சிலந்தி. கடிக்கும், ஆனா விஷம் கிடையாது” என்றார். உள்ளே போய் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். “இது சீமைக் கல்லு. உள்ள ஒரு பூச்சி பதிஞ்சிருக்கே, இது அதுக்குப் பங்காளி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தினது. இந்த வம்சத்தையே படிச்சவன் சொல்லுதேன், நம்புங்க.”

“செத்த பூச்சியக் காட்டி எம் பேரன் உசிரோட விளையாடாதீரும் வே!”

வாத்தியார் முகம் சுருங்கித் திரும்பினார்.

“பெரிய படிப்பு!” என்று அத்தையும் நொடித்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியார் மறுபடி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கல்லை என் விரலில் வைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் நீளமாக என்னவோ முணுமுணுத்தார்.

“விஷம் இறங்கிட்டு. பால் குடுக்கலாம்.”

மாமா சிரித்தார். “நேத்து வரைக்கும் மந்திரமெல்லாம் பித்தலாட்டம்னீரே! இப்ப எங்கன போச்சு உம்ம படிப்பு?”

வாத்தியார் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

பிள்ளை குடித்துத் தூங்கியதும் அடுக்களையில் கேட்டேன்: “மந்திரத்த வச்சுக்கிட்டா அத்தை, ஊரையெல்லாம் கேலி பேசினாரு?”

“வாய மூடுட்டி!” அத்தை குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் தொழுவத்துப் பக்கமாச் சுத்தி அவரு அறைக்குப் போயி, கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். மந்திரம் ஒண்ணும் தெரியாதேன்னு முழிச்சாரு. அந்தக் கல்லுப்பூச்சி வம்சத்துப் பேரையாவது இங்கிலீசுல சொல்லும்னேன். திருநீறும் நான் குடுத்ததுதான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அதுலயும் பாதியில பேரு தீந்துபோச்சாம். காலேஜுப் பிள்ளைக பேரையெல்லாம் சேத்து…”

“ஏட்டி குருவம்மா!” கூடத்திலிருந்து மாமா என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை முழிச்சு அழுவுதான். வந்து பாலக் குடு!”