கீழே குடிவந்த சிறுநீரகம்

பவானியின் உடம்பில் அக்காவும் தம்பியுமாக இரண்டு சிறுநீரகங்கள் இருந்தன. "நீ பாரு", "ஏன், நீதான் பாரேன்" என்று வேலையை ஒன்றின்மேல் ஒன்று தள்ளியே இரண்டும் படுத்துவிட்டன.

பவானியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்காக வளையலைக் கழற்றினார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"புதுசு வருதாம் அக்கா. நம்மை வெட்டி வாளியில போட்டுடுவாங்க" என்று நடுங்கியது தம்பி.

"வரட்டும். அதுகிட்ட முகம் கொடுத்துப் பேசாதே" என்றது அக்கா.

ஆபரேஷன் முடிந்தது. பழசு இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பவானியின் தங்கை கொடுத்த சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்துத் தைத்திருந்தார்கள். வந்த கையோடு அது வேலையைத் தொடங்கியிருந்தது.

தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்களை எப்போ தூக்குவாங்க?"

"உங்களை எடுக்க மாட்டாங்களாம் அண்ணே. நீங்க பாட்டுக்கு இருங்க" என்றது புதுசு.

"நீ ஒண்டியா எப்படிச் சமாளிப்பே?" என்று அக்காவே கேட்டுவிட்டது.

"நான் இருந்த உடம்புல என் அக்காவும் இப்போ ஒண்டிதான். என் பங்கையும் அவளே பார்த்துக்கிறா. போயிட்டு வாடின்னு மட்டும்தான் சொன்னா."

அக்காவும் தம்பியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. அக்கா தன்னால் முடிந்த ஒரு சொட்டுச் சிறுநீரைப் பிரித்து, சத்தமில்லாமல் கீழே அனுப்பியது.