குஷால்நகரில் நிற்கும் புள்ளி

“ஏன்டி ரக்ஷா, ராத்திரி பூரா இந்தப் புள்ளியையேவா பாத்துண்டிருந்தே?”

எதிர் ஃபிளாட் சுப்புலக்ஷ்மி மாமி ஒரு டப்பா நிறையக் கொஜ்ஜவலக்கி என்கிற புளி அவலோடு உள்ளே வந்தாள். கதவைத் தட்டிவிட்டு வருகிற வழக்கம் மாமிக்கு என்றைக்குமே கிடையாது. அந்தப் பெங்களூர் மல்லேஸ்வரம் அடுக்ககத்தில் அதை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு வரைபடம், அதன் மேல் கலர் கலராகப் புள்ளிகள். பெங்களூரில் கிளம்பி மைசூர், மடிகேரி, வயநாடு, ஊட்டி என்று சுற்றி, சைக்கிளிலேயே மறுபடி பெங்களூருக்கு வந்து சேருகிற பந்தயம் அது. ஒவ்வொருவர் சைக்கிளிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது இருக்கும் இடம்தான் இங்கே புள்ளியாகத் தெரியும். வீட்டில் கட்டில், ஃபேன் எல்லாம் இருக்க, பஸ் ஸ்டாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டு போகிற இந்தப் பைத்தியங்களில் நீலப் புள்ளி, ரக்ஷாவின் கணவன் சுஹாஸ்.

“இப்போ எங்கே இருக்கான்?”

“குஷால்நகர். நேத்து சாயங்காலத்துலேருந்து நகரவே இல்ல மாமி.”

சொல்லிக்கொண்டே ரக்ஷா வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்கள் சிவந்து, தலை கலைந்து கிடந்தாள். மாமிக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“அசந்து தூங்கறானோ என்னவோ.”

“ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல தூங்க மாட்டார். பின்னாடி வந்தவா எல்லாரும் தாண்டிப் போயாச்சு. மடிகேரி ஏறி வயநாட்டுல இறங்கிட்டார்னா எனக்கு நிம்மதி. அதுக்கப்புறம் நெனச்சாலும் சட்டுனு திரும்ப முடியாது.”

“திரும்பறவனா அவன்? பிடிவாதக்காரனாச்சே.”

“போன வருஷ ரேஸ் வேற வழி, அதுல தும்கூர்லேருந்தே திரும்பிட்டாரே மாமி.”

“ஆமாமா, ஞாபகம் இருக்கு. தோத்துட்டு வந்தது அவன். ஜுரம்னு படுத்துண்டது நீ. ஒரு வாரம் கதவையே திறக்கலை. ரசத்தை வாசல்ல வெச்சுட்டுப் போனேன்.” மாமி பெருமூச்சு விட்டாள். “எனக்கும் வாய்ச்சிருக்காளே ஒரு மாட்டுப்பொண்ணு. ஆம்படையான் ஆபீஸ்லேருந்து வந்துட்டானாடின்னு கேட்டா, ரூம்ல போய்ப் பாருங்கோங்கறா. நீ என்னடான்னா அவன் எந்த ஊர்ல எந்த மரத்தடியில நிக்கறான்னு கண் கொட்டாம பாத்துண்டிருக்கே.”

“அவர் எங்கே இருக்கார்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சே வரது மாமி.”

மாமி உருகிப் போனாள். டப்பாவைத் திறந்து, ஸ்பூனைச் செருகி அவள் பக்கம் நகர்த்தினாள்.

“ஸ்வல்பம் சாப்பிடு. போன் பண்ணிப் பாத்தியா?”

“ஸ்விட்ச் ஆஃப்னு வரது.”

“ரேஸ் நடத்தறவாளையாவது கேளேன்.”

“வேண்டாம் மாமி. நான் விசாரிச்சேன்னு அவர் காதுக்குப் போயிடும்.”

“போனா என்ன, பூரிச்சுப் போவான்.”

ரக்ஷா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை ஒதுக்கி வைத்தாள். புள்ளி அதே இடத்தில்தான் இருந்தது. மாமியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். அந்த ரோட்டில் இரவெல்லாம் லாரி போகும். ஒருத்தன் பள்ளத்தில் விழுந்து கிடந்தால் யார் கண்ணில் படும்? வாய்விட்டுச் சொல்லத் துணியாமல், திரையின் ஓரத்தில் இருந்த குஷால்நகர் முகாமின் எண்ணைத் தன் போனில் தானே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். தடுக்க வந்த ரக்ஷா பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

எடுத்தவர் கோவிந்தப்பா. குஷால்நகர் முகாமில் சைக்கிள்காரர்களின் வருகையைப் பதிவு செய்கிறவர். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார்.

“சுஹாஸ் சாரா? அவரு நேத்தே ரேஸை விட்டுட்டாரும்மா. மொழங்கால் ஊதிக்கிச்சு. ட்ராக்கரை எங்கிட்ட குடுத்துட்டு ராத்திரி பஸ் ஏறிட்டாரு. அது என் டேபிள் மேலதான் இருக்குது. அதனாலதான் புள்ளி இங்கயே நிக்குது.”

“ஆத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நான் போன் பண்றேன்னுதாம்மா சொன்னேன். பேடா, வேணாம், நான் வர்றது வீட்டுல தெரியக் கூடாதுன்னுட்டாரு.”

“வெங்கடரமணா” என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கேட்டியாடி? உசிருக்கு ஒண்ணும் இல்ல. முழங்கால்தானே, எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிடும். நாமதான் கண்டதையும் நெனச்சுண்டோம்.”

ரக்ஷா லேப்டாப்பை மூடினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சந்தோஷத்திலும் சிலர் இப்படி வெளுத்துப் போவதுண்டு என்று மாமி நினைத்துக்கொண்டாள்.

கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாமி பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“நூறு ஆயுசு உன் ஆம்படையானுக்கு. நொண்டிண்டே இறங்கறான். பின்னாடி சைக்கிளைக் கட்டிண்டு வந்திருக்கான், அதை அவுத்துண்டிருக்கான். நான் கிளம்பறேன்டி. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு?”

வாசலை நோக்கி நடந்த மாமியின் கையை ரக்ஷா ஓடி வந்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதீங்கோ மாமி. அவர் வரதுக்குள்ள ஊருக்குப் போயிடலாம்னு கட்டி வெச்ச பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் இங்கயே இருங்கோ. கூட யாராவது இருந்தா அவர் கை நீட்ட மாட்டார்.”