பதினாலாவது பெயர்

"உங்க பிளாக் பெல்ட்டை யார் கொடுத்தது?" என்று கேட்டார் வேதாசலம்.

"என் மாஸ்டர் சார்."

"அவருக்கு?"

"அவரோட மாஸ்டர்."

"இப்படியே போய்க்கிட்டிருந்தா, முதல் ஆளுக்கு யார் கொடுத்தது?"

தண்டபாணி மாஸ்டர் யோசித்தார். "முதல் ஆளைக் கேட்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது சார்."

நாங்கள் சிரித்துவிட்டோம். வேதாசலம் திரும்பிப் பார்த்தார். நிறுத்திக்கொண்டோம்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில், கம்யூனிட்டி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை டிபன்கூட சாப்பிடாமல் இந்த விசாரணை. வேதாசலம் எங்கள் ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. மயிரிழை அளவு பிசகின பாகத்தை, 'பரவாயில்லை, வேலைக்கு ஆகும்' என்று எழுதி ஒரு கையெழுத்தோடு ஏற்றுக்கொள்வதற்கு எங்கள் தொழிலில் கன்செஷன் என்று பெயர். மனுஷன் முப்பது வருஷத்தில் ஒரு கன்செஷன்கூடக் கொடுத்ததில்லை. தோசை வட்டமாக வராவிட்டால் அவர் மனைவி கல்பகம் மேடம் அதை அடுப்படியிலேயே நின்று தின்றுவிடுவார் என்று பேச்சு.

மாஸ்டர் சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். காலை ஐந்தரைக்கு பைக்கில் வந்து எங்களுக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுவார். நாங்கள் பதினாறு பேர், எல்லாம் கழுதை வயசு. பாதிப் பேருக்கு சுகர், மீதிப் பேருக்கு பிரஷர்.

வேதாசலமும் அதில் ஒருத்தர். டாக்டர் திட்டி, கல்பகம் மேடம் அழுது, போன வருஷம் சேர்ந்தார். இரண்டு மாசம் முன்னால் மஞ்சள் பெல்ட் வாங்கினார். அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. விசாரணைக்கும் பேண்ட் மேல் அதைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

லோத்குண்டா பக்கம் எங்கேயோ 'மூன்றே மாதத்தில் பிளாக் பெல்ட்' என்று ஒரு போர்டைப் பார்த்துவிட்டாராம். அதிலிருந்து தூக்கமில்லை. அசோசியேஷனில் சொல்லி இந்த விசாரணையை வைத்துவிட்டார்.

"ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேணும். ஊசி போட லைசென்ஸ் வேணும். உதைக்கச் சொல்லித் தர மட்டும் ஒண்ணும் வேண்டாமா? கண்டவனும் கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டா அப்புறம் என் மஞ்சளுக்கு என்ன மதிப்பு?"

கேள்வி என்னவோ நியாயம்தான். அதனால்தான் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

"சர்டிபிகேட் இருக்கு சார். கொடுத்த சங்கம்தான் இல்லை. ரெண்டா உடைஞ்சு, அப்புறம் நாலாயிடுச்சு. இப்ப ஒவ்வொருத்தரும் மத்த மூணையும் போலிங்கறாங்க."

"அப்ப பரீட்சை ரெஜிஸ்டரைக் காட்டுங்க, மிஸ்டர் தண்டபாணி. யாருக்கு எதை வெச்சு பெல்ட் கொடுத்தீங்கன்னு பார்ப்போம். சரியா இருந்தா கிளாஸ் நடக்கட்டும். இல்லேன்னா இன்னியோட ஹால் சாவியைக் கொடுத்துடுங்க."

நேற்று வரைக்கும் 'மாஸ்டர்'. இன்றைக்கு மிஸ்டர்.

மாஸ்டரின் முகம் மாறியது. "ரெஜிஸ்டர் மட்டும் நக்கோ சார்."

"கைக்கு?" என்று அதே ஊர் உருதுவில் கேட்டார் வேதாசலம். "ஏன் வேண்டாம்?"

"சாவியை இப்பவே கொடுத்துடறேன். ரெஜிஸ்டர் வேண்டாம்."

சொன்னபடியே சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தும்விட்டார். எனக்கே சந்தேகம் தட்டியது. இந்த மனுஷனை நம்பியா தினமும் நாலரைக்கு அலாரம் வைத்தேன்?

"ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா காட்டிடுங்களேன் மாஸ்டர்" என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி வசந்தகுமாரி.

மாஸ்டர் பையிலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். வேதாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார்.

"சகுந்தலா. உதை இடுப்பு வரை. குத்து சரி. பாஸ்."

சகுந்தலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது என் பெயர். "பாதியில் டீ குடிக்கப் போனார். ஃபெயில்."

மானம் போயிற்று. ஆனால் டீ குடிக்கப் போனது நிஜம்.

"ஸ்ட்ரிக்டாத்தான் போட்டிருக்கார்" என்று வேதாசலமே ஒத்துக்கொண்டார். பதிமூன்று வரைக்கும் ஒரு குறையில்லை.

"பதினாலு..." என்றவர் நின்றுவிட்டார்.

உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தரம் படித்தார். பின்வரிசையில் இருந்த கல்பகம் மேடத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஏதாவது தப்பா?" என்றார் வசந்தகுமாரி.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை."

பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் என்னவோ எழுதினார். ரெஜிஸ்டரை மூடி, அதன்மேல் சாவியை வைத்து மாஸ்டர் பக்கம் தள்ளினார்.

"ரெக்கார்ட்ஸ் பக்கா. நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடறேன், மாஸ்டர்."

போகும்போது மஞ்சள் பெல்ட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு போனார்.

மாஸ்டர் ரெஜிஸ்டரை என்னிடம் கொடுத்து, பைக் பெட்டியில் வைக்கச் சொன்னார். பிரித்துப் பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

'14. வேதாசலம். உதை முழங்காலைத் தாண்டவில்லை. தண்டால் இரண்டு. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்கம் திரும்புகிறார். முடிவு: கன்செஷன். காரணம்: பெல்ட் கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து வர மாட்டார். சுகர் இப்போதுதான் முந்நூறிலிருந்து இறங்க ஆரம்பித்திருக்கிறது.'

அதற்குக் கீழே பச்சை மையில், ஈரம்கூடக் காயாமல்: 'பரவாயில்லை, வேலைக்கு ஆகும். - வேதாசலம்.'