தக்காளி போலீஸ்

"எழுபத்தாறு வயசுல கஞ்சா வளர்க்கக் கத்துக்க வந்திருக்கீங்களே மர்லீன், பேரப் பிள்ளைங்க என்ன சொல்றாங்க?"

பாடம் நடத்த வந்த டெஸ் கேட்டதும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரே சிரிப்பு. வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்று கனடாவில் சட்டம் வந்த பிறகு முதல் வசந்தம். நெல்சன் ஊரில் பாதிப் பேர் தொட்டியும் மண்ணுமாகத் திரிந்தார்கள்.

"முட்டி வலிக்கிறது எனக்கா, அதுங்களுக்கா?" என்றாள் மர்லீன். "அதோட, நான் ஒண்ணும் புதுசு இல்லை. எண்பத்தொண்ணுலயே ஒரு செடி வளர்த்தவ."

"ஐயோ! அப்போ ஜெயில்ல இல்ல போட்டிருப்பாங்க?"

"போட்டிருக்கணும். நல்லவேளை, வந்த போலீஸ்காரன் முட்டாள்."

முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை. கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா?

"என் புருஷன் லாயிடுக்கு வயித்துல கேன்சர். மருந்து ஏத்திட்டு வந்தா ஒரு வாய் தங்காது. யாரோ விதை குடுத்தாங்க. சமையல்கட்டு ஜன்னல்ல நாலு தக்காளிச் செடிக்கு நடுவுல வெச்சேன். அதைப் புகைச்ச பிறகுதான் மனுஷன் வாய் திறந்து பான்கேக் கேட்டார்."

"அப்புறம்?"

"எவனோ போட்டுக் குடுத்துட்டான். மீசை கூட ஒழுங்கா முளைக்காத ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்னான். எனக்கு உசுரே இல்லை. நேரா ஜன்னல்கிட்ட போனான். அஞ்சு செடியையும் பார்த்தான். 'தக்காளி, அஞ்சு'ன்னு நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிட்டான்! வாசனை தெருக்கோடி வரைக்கும் வீசுது, அவனுக்கு மூக்கும் இல்லை போல!"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியின் மூட்டுவாதத்துக்காக வந்திருந்த ஆர்னியும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அதுக்கப்புறம் லாயிட் ஏழு மாசம் இருந்தார். வலி வந்தா, 'தக்காளி போலீஸைக் கூப்பிடு'ம்பார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்."

சொல்லும்போதே மர்லீனின் குரல் இறங்கிவிட்டது. வாழ்க்கையில் எதையாவது திருப்பிக் கொடுப்பார்கள் என்றால் அந்த ஏழு மாதத்தைத்தான் அவள் கேட்பாள்.

டெஸ் பாடத்துக்கு வந்தாள். "புதுசா வளர்க்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான். பாசத்துல தண்ணியை ஊத்தி ஊத்தியே செடியைக் கொன்னுடுவாங்க. மேல் மண்ணு காயட்டும். அப்புறம் ஊத்துங்க."

வகுப்பு முடிந்தது. மர்லீனின் மண் மூட்டையை ஆர்னி கார் வரைக்கும் தூக்கி வந்தார். மூட்டையை வைத்தவர் உடனே கிளம்பவில்லை.

"நீல எனாமல் பானையிலதானே வெச்சிருந்தீங்க?"

மர்லீன் திரும்பிப் பார்த்தாள். பானையைப் பற்றி அவள் வகுப்பில் மூச்சு விடவில்லை.

"உங்க வீட்டுக்காரர் சோபாவுல சுருண்டு படுத்திருந்தார். பக்கத்துல வாந்தி எடுக்க ஒரு பக்கெட்" என்றார் ஆர்னி. "செடியில இலையெல்லாம் தொங்கிப் போயிருந்துச்சு. மண்ணு ஒரே சகதி. தண்ணியைக் குறைங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

மர்லீன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு பயந்து அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருப்பீங்க" என்றார் ஆர்னி. "அதான், முட்டாளாவே இருந்துட்டுப் போவோம்னு வந்துட்டேன்."