நாலாவது கதவு

ஒரே ஒரு கதவு. அதைச் செய்து மாட்ட ஒரு தச்சருக்குப் பதினோரு மாதம் ஆகிறதென்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் இன்ஜினியருக்கு நன்றாகவே பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையில் அளக்கும் டேப். பையில் தச்சரின் வேலைநீக்க உத்தரவு. இந்த நாலாவது கதவும் பொருந்தாவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

அது ஏதோ ஒரு குற்றத்தில் மாட்டிக்கொண்ட பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளை அடைத்துவைக்கும் இல்லம். முன்பெல்லாம் ஒருத்தி வெறிபிடித்தாற்போல் கத்தினால் வாரால் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். புது விதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தனியறையில் பூட்டலாம், அதுவும் நாலு மணி நேரம்தான். அந்த அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கக் கூடாது. பிள்ளைகளின் விரல் நசுங்கும். சந்து இருந்தால் அறையைப் பயன்படுத்தவே கூடாது. இந்தச் சந்து சமாசாரத்தை விதியில் சேர்க்கவைத்ததே இந்த இன்ஜினியர்தான்.

தச்சர் செய்த மூன்று கதவுகளிலும் ஒரு விரற்கடை சந்து. ஆபீசில் அவருக்கு 'விரற்கடை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பட்டறையில் நாலாவது கதவு மேஜைமேல் கிடந்தது. இன்ஜினியர் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"இவ்வளவு சுத்தமா வேலை செய்றவரு, அந்த மூணையும் ஏன் சொதப்பினீங்க?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "செஞ்சப்ப சரியாத்தான் மேடம் இருந்துச்சு."

"அப்புறம் என்ன, மரம் கவலையில இளைச்சுப்போச்சா?"

"கொஞ்சம் இளைச்சுதான் போச்சு மேடம்."

திமிரா, அசட்டுத்தனமா என்று அவளுக்குப் புரியவில்லை. போகட்டும், இந்த மனுஷன் வேலை தப்பித்தது என்று டேப்பைச் சுருட்டினாள்.

அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் பறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண் காவலர்கள் ஒரு பெண்ணைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்வையாளர் நாளில் அவள் அம்மா வரவில்லை. மூன்றாவது முறையாக.

பின்னாலேயே வந்தார் இல்லத்தின் கண்காணிப்பாளர். "கதவு ரெடிதானே? உடனே மாட்டுங்க. இவதான் முதல் போணி."

தச்சர் கதவைப் பார்த்தார். இன்ஜினியரின் பையைப் பார்த்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அலமாரியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அதில் முரட்டு உப்புத்தாளைச் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "வாம்மா. எவ்வளவு கோவமோ அவ்வளவும் இந்தக் கதவு விளிம்புல தேய்."

"என்ன பண்றீங்க? அளவு போயிடும்!" இன்ஜினியர் பதறினாள்.

"போகும் மேடம். அந்த மூணும் அப்படித்தான் போச்சு."

அந்தப் பெண் தேய்த்தாள். காவலர்களைத் திட்டித் திட்டித் தேய்த்தாள். பெற்றவளைத் திட்டித் தேய்த்தாள். அப்புறம் அழுதுகொண்டே தேய்த்தாள். மரத்தூள் அவள் முழங்கைவரை அப்பிக்கொண்டது. இன்ஜினியருக்குத் தடுக்க மனசே வரவில்லை.

"பதினோரு மாசமா ஒருத்தியையும் பூட்டலை மேடம்," என்றார் காவலர்களில் மூத்தவர், மெதுவாக. "பூட்ட ரூம் இல்லையே. கோவம் வந்தா இங்க கூட்டிட்டு வந்துடுவோம். அதனால ஒண்ணும் குடிமுழுகிப் போயிடலை."

கண்காணிப்பாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் கை ஓய்ந்தது. அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமாவது அம்மா வருமா என்று தச்சரிடம் கேட்டாள்.

"தெரியலம்மா. வரலைன்னா இங்க வா."

அவள் தலையாட்டினாள். காவலர்கள் தோளைத் தொடவில்லை. அவள் முன்னால் நடக்க, அவர்கள் பின்னால் போனார்கள்.

இன்ஜினியர் மறுபடி அளந்தாள். இனி மாட்டினால் தேய்ந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும். தச்சர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடுங்க மேடம்."

பதினெட்டு வருஷ வேலையில் அவள் ஒரு அளவைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. அன்றைக்கும் எழுதவில்லை. பையைத் திறந்தாள். உத்தரவை உள்ளேயே தள்ளிவிட்டு, அறிக்கைத் தாளை எடுத்தாள்.

"நாலாவது கதவும் பொருந்தவில்லை. விதிப்படி அந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது. தச்சரின் வேலையில் குறை ஏதுமில்லை. ஐந்தாவது கதவுக்கு மரம் அனுப்பவும்."

கையெழுத்துப் போடப் போனவள் ஒரு நிமிஷம் யோசித்து, இன்னொரு வரி சேர்த்தாள்.

"கூடவே, முரட்டு உப்புத்தாள் இரண்டு கட்டு."