சூடு போகும் வழி

மகனுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. மின்விசிறி அனலைத்தான் அள்ளி வீசியது. கணவர் யாரிடமோ கெஞ்சி, சக்கரம் வைத்த ஏசி ஒன்றை இரவல் வாங்கி உருட்டிக்கொண்டு வந்தார். அதன் முதுகில் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். சூடெல்லாம் அதன் வழியாக வெளியே போக வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் கட்டிய வீடோ, ஒரு ஜன்னலும் திறக்காது.

“பெரியவ ரூம்ல விட்டுடலாமா?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மகள் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் பக்கத்து அறை அது. அவள் போன மறுவருஷம்தான் இவன் பிறந்தான். இவன் முனகலைக் கேட்டுக்கொண்டு நான் வேறென்ன சொல்ல? கதவை ஒருக்களித்துக் குழாயைச் செருகினோம். இடுக்கை அட்டையும் டேப்பும் வைத்து அடைத்தோம்.

அறை குளிர்ந்தது. பிள்ளை ஒருவழியாகக் கண்ணயர்ந்தான். அப்போது குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

“அம்மா, இங்க வேகுதும்மா.”

கணவர் சுவிட்சுக்குப் பாய்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு,” என்றேன். “தம்பிக்கு உடம்பு சரியில்ல.”

குழாய்க்குள்ளிருந்து மறுபடி அதே குரல்.

“எந்தத் தம்பிம்மா?”